ஒன்பது வயதுக்காரியின் இரும்பு வாணலி

ஆற்றங்கரையில் தம்பியோடு இருக்கிறாள் ஒரு சிறுமி. தண்ணீருக்குள்ளிருந்து பூதம் ஒன்று எழும்புகிறது. பச்சைப் பல், நீண்ட நகம், உருண்டைக் கண். தம்பியை இழுத்துக்கொண்டு தப்பித்து வீட்டுக்கு வந்தவள், யாரிடமும் அழுதுகொண்டு நிற்கவில்லை. கதைப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். அந்தப் பூதத்துக்கு சூப் தட்டு அளவு கண் என்று அதில் போட்டிருக்கிறது. சமையலறையில் சூப் தட்டை எடுத்து அளந்து பார்க்கிறாள். எட்டு அங்குலம். கரையில் பார்த்ததும் அதே அளவுதான். ஆளை உறுதி செய்துகொண்டதும் ஒரு பை மிட்டாயையும் கனமான இரும்பு வாணலியையும் தூக்கிக்கொண்டு திரும்பப் போகிறாள். மிட்டாயைக் கொடுத்துத் தம்பியைக் கரையில் உட்கார வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். பூதம் குழந்தையைப் பிடிக்கப் பாய்ந்தபோது வாணலியால் ஒரே போடு.

டெர்ரி பிராட்செட் எழுதி 2003இல் வந்த ‘தி வீ ஃப்ரீ மென்’ நாவலின் தொடக்கம் இது. சிறுமியின் பெயர் டிஃபனி ஏக்கிங். நான் அடிக்கடி பிறருக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நாவல் இதுதான். திரும்பி வரும்போது புத்தகத்தோடு ஒரு கருத்தும் சேர்ந்து வரும். வாங்கிப் போன பெரியவர்கள் பலருக்கு இந்த முதல் காட்சியே நெருடியிருக்கிறது. “சொந்தத் தம்பியையா தூண்டில் புழுவாக்குவாள்? இவளா கதாநாயகி?” என்று கேட்டிருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. “அவதான் பக்கத்துலயே வாணலியோட நிக்கிறாளே அத்தை!” என்றாள்.

நான் அண்ணன் மகள் கட்சி. பாசத்தில் உருகும் அக்காக்களைக் குழந்தைகள் கதைகளில் நிறையப் பார்த்துவிட்டோம். டிஃபனிக்குத் தம்பி வெண்ட்வொர்த்தை அவ்வளவாகப் பிடிக்காது. எந்நேரமும் மிட்டாய் கேட்டு அழும், கையெல்லாம் பிசுபிசுக்கும் அந்தப் பிள்ளை அவள் தலையில் கட்டப்பட்டவன். வெண்ணெய் கடைவதிலும் பாலாடைக்கட்டி செய்வதிலும் அவள் கெட்டிக்காரி. அகராதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள், அது அப்படிப் படிக்கிற புத்தகம் இல்லை என்று யாரும் அவளிடம் சொல்லாததால். ஊருக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஊர் ஊராகச் சுற்றும் வாத்தியார்கள் காய்கறிக்கும் முட்டைக்கும் பாடம் விற்பார்கள். இப்படிப்பட்ட ஒரு பெண் தம்பியைத் தூக்கிப்போன தேவதைகளின் ராணியிடமிருந்து அவனை மீட்டு வருவதுதான் கதை.

அவளுக்குத் துணை வருபவர்கள் நாக் மாக் ஃபீகிள் என்ற குள்ளர்கள். ஆறங்குல உயரம், நீல நிற உடம்பு, செம்பட்டை முடி. திருடுவார்கள், குடிப்பார்கள், சண்டைக்கு ஆள் கிடைக்காவிட்டால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள். எதற்கும் அஞ்சாதவர்கள், ஏனென்றால் தாங்கள் ஏற்கெனவே செத்துவிட்டதாகவும் இந்த உலகம்தான் சொர்க்கம் என்றும் நம்புகிறவர்கள். அவர்கள் நடுங்குவது வக்கீலைக் கண்டால் மட்டும்தான். பக்கத்தில் வக்கீல் இருந்தால் நீலமாக ஒளிரும் வாள் ஒன்று அவர்கள் தலைவன் ராப் எனிபடியிடம் இருக்கிறது.

இந்த நாவலைப் பற்றி உலகமெங்கும் வாசகர்கள் வைக்கும் பெரிய புகார், ஃபீகிள்கள் பேசும் மொழி. ஸ்காட்லாந்துக் கொச்சையை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொட்டியிருக்கிறார் பிராட்செட். ஆங்கிலத்தை வகுப்பில் கற்றவர்கள் முதல் ஐம்பது பக்கங்களில் திணறுகிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் பாதியிலேயே திருப்பித் தந்துவிட்டார். பின்னர் வந்த நாவலில் ஃபீகிள் சொற்களுக்கு ஒரு சிறு அகராதியையே பிராட்செட் சேர்க்க வேண்டியிருந்தது. நான் சொல்லும் வழி ஒன்றுதான்: வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபட்டுவிடும். ஸ்டீபன் பிரிக்ஸ் குரலில் வந்த ஒலிநூலைக் கேட்டவர்கள் யாரும் மொழியைக் குறை சொல்லி நான் பார்த்ததில்லை. வட்டார வழக்கில் எழுதிய கி. ராஜநாராயணனைத் தட்டுத் தடுமாறித் தொடங்கிப் பிறகு விடாமல் படித்த தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தடை பெரிதல்ல.

நான் மிகவும் விரும்பும் நகைச்சுவைக் காட்சியை, பாதியில் திருப்பித் தந்த அந்த ஆங்கில ஆசிரியர் தவறவிட்டுவிட்டாரே என்பதுதான் என் வருத்தம். ஃபீகிள் கூட்டத்துக்குத் தாயாக, ராணியாக இருக்கும் கிழவி சாகும்போது பொறுப்பை டிஃபனியிடம் ஒப்படைக்கிறாள். ராணியானவள் கூட்டத்தில் ஒருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஒன்பது வயதுப் பெண், ஆறங்குல மாப்பிள்ளை! மறுத்தால் அவமானம், ஒப்புக்கொண்டால் ஆபத்து. டிஃபனி ராப் எனிபடியைத் தேர்ந்தெடுக்கிறாள். நாள் குறிக்க வேண்டிய உரிமை மணப்பெண்ணுக்குத்தான் என்று தெரிந்ததும் ஒரு நாளும் குறிக்கிறாள். உலகின் கோடியில் ஒரு பெரிய மலை இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சின்னப் பறவை வந்து அதில் அலகைத் தீட்டிவிட்டுப் போகும், அந்த மலை முழுதும் தேய்ந்து தீரும் நாளில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

இந்த மலைக்கதை நமக்குப் பழக்கமானதுதான். ஒரு கற்பம் எவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு, நூறாண்டுக்கு ஒருமுறை காசிப் பட்டால் துடைத்தே ஒரு பெரும்பாறை தேய்ந்துபோகும், கற்பம் அப்போதும் முடியாது என்று புத்தர் சொன்னதாகப் பாலி நூல்களில் இருக்கிறது. ஐரோப்பாவில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளிலும் பறவையும் மலையும் உண்டு. காலத்தின் எல்லையின்மையைச் சொல்லக் கண்டுபிடித்த உவமையை ஒரு சிறுமி கல்யாணத்திலிருந்து நழுவப் பயன்படுத்துகிறாள். யார் மனமும் நோகவில்லை. இந்த அறிவுக்கூர்மையை வெறும் வேடிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் “சிரிப்புப் புத்தகம்” என்று நான் சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கிப் போன தோழி ஒருத்தி, பாதி படித்துவிட்டு இரவு பத்து மணிக்கு அழுதுகொண்டே போன் செய்தாள். டிஃபனியின் பாட்டிதான் காரணம்.

ஏக்கிங் பாட்டி கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டவள். சுண்ணாம்பு மேட்டு நிலத்தில் ஆடு மேய்த்தவள், அதிகம் பேசாதவள், மலிவான ஒரு புகையிலையைச் சுங்கானில் பிடிப்பவள். அந்தப் புகையிலைப் பொட்டலத் தாளைப் பேத்தி பத்திரமாக வைத்திருக்கிறாள். இறந்ததும் பாட்டியை அவள் குடிசை நின்ற இடத்திலேயே குன்றில் புதைத்து, கையில் கொஞ்சம் ஆட்டு ரோமத்தை வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வராததற்கு ஆடுகள்தான் காரணம் என்று மேலே இருப்பவருக்கு விளங்கட்டும் என இங்கிலாந்து இடையர்களைப் புதைக்கும்போது செய்துவந்த வழக்கம் அது. சக்கரம் வைத்த குடிசையை எரித்துவிடுகிறார்கள். இரும்புச் சக்கரங்களும் அடுப்பும் மட்டும் புல்லில் கிடக்கின்றன. டிஃபனி அங்கே போய் உட்காருவாள்.

அவள் நெஞ்சில் ஒரு முள் இருக்கிறது. சிறுவயதில் சந்தையில் கிடைத்த பீங்கான் பொம்மை ஒன்றைப் பாட்டிக்குக் கொடுத்திருந்தாள். நீலப் பாவாடையும் ரிப்பனுமாக ஜொலிக்கும் ஆட்டிடைச்சி பொம்மை. கொடுத்த பிறகுதான் பாட்டியின் பழைய பூட்சும் கோணிப்பை போட்ட தோளும் அவள் கண்ணில் படுகின்றன. ‘இடைச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும்’ என்று சொன்னதாகப் பாட்டி எடுத்துக்கொண்டிருப்பாளோ? கேட்க முடியாது. பாட்டி போய்விட்டாள்.

என் தோழி முதல் சம்பளத்தில் தன் பாட்டிக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தாள். வாழ்நாளெல்லாம் நூல் புடவை கட்டிய பாட்டி அதை டிரங்குப் பெட்டியில் வைத்தவர் கடைசிவரை கட்டவில்லை. பதினாறாம் நாள் பெட்டியைத் திறந்தபோது கடையின் அட்டைப்பெட்டி பிரிபடாமல் அப்படியே இருந்ததாம். பிடித்துப் பொத்தி வைத்தாரா, மனம் புண்பட்டு ஒதுக்கி வைத்தாரா என்று தோழிக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வக்கீலைக் கண்டு ஓடும் நீலக் குள்ளர்களின் புத்தகம்தான் அவளைச் சொல்ல வைத்தது.

இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது வாசகர்கள் இரண்டு அணியாக நிற்பது எனக்கு ஒப்பவில்லை. ஃபீகிள்களுக்காகப் படித்தேன் என்பார் ஒருவர், பாட்டிக்காகப் படித்தேன் என்பார் மற்றவர். சிரிப்பு ஒரு பாகம், துக்கம் ஒரு பாகம் என்று பிரித்தெடுக்க முடியாதபடி பிராட்செட் பின்னியிருக்கிறார். அதைக் காட்ட எனக்கு ஒரு இடம் போதும். ஊரில் ஸ்னாப்பர்லி என்று ஒரு கிழவி. பல் இல்லை, தனியாகப் பேசிக்கொள்வாள், வீட்டில் பூனை. நிலச்சுவான்தாரின் மகன் காணாமல் போனதும் ஊர் அவளைச் சூனியக்காரி என்று முடிவுகட்டுகிறது. பையனை அடுப்பில் வைத்துச் சமைத்திருப்பாள் என்கிறார்கள். வீட்டைக் கொளுத்தித் துரத்துகிறார்கள். யாரும் கதவு திறக்கவில்லை. குளிர்காலத்தில் பனியில் செத்துக் கிடக்கிறாள். அந்த அடுப்பை டிஃபனி போய்ப் பார்த்திருக்கிறாள். ஒரு பையன் நுழையும் அளவே இல்லை.

சூப் தட்டை அளந்தபோது நாம் சிரித்தோம். அடுப்பைப் பார்த்தபோது நமக்குக் குலை நடுங்குகிறது. இரண்டும் ஒரே பெண், ஒரே பழக்கம். கதை சொல்வதை அப்படியே விழுங்காமல், உள்ளதை உள்ளபடி போய்ப் பார்ப்பது. ஊரில் அந்த ஒரு காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் கிழவி பிழைத்திருப்பாள். இன்னொருத்திக்கு இப்படி நேரக்கூடாது என்றுதான் டிஃபனி தானே சூனியக்காரியாவது என்று முடிவெடுக்கிறாள். இதைக் கட்டுக்கதை என்று சொல்லிவிட முடியாது. சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கவே பீகார் 1999இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்த நாட்டில்தான் நாமும் இருக்கிறோம்.

நாவலில் தொய்வே இல்லையா என்றால், இருக்கிறது. தேவதை நாட்டுக்குள் கனவுக்குள் கனவாக நீளும் நடுப்பகுதி பலரைச் சலிக்க வைத்திருக்கிறது. எனக்கும் அந்தப் பக்கங்கள் நீளமாகவே படுகின்றன. அங்கே ஒரு காட்சியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஓங்கிய கோடரியோடு கொட்டையைப் பிளக்க நிற்கும் உருவத்தைச் சுற்றி விதவிதமான தேவதைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடம். ரிச்சர்ட் டாட் என்ற ஓவியர் 1855 முதல் 1864 வரை வரைந்த படத்திலிருந்து பிறந்தது அது. மனநோயில் தந்தையைக் கொன்று, மனநல விடுதியில் அடைபட்டிருந்தபோது வரைந்தார். மூன்று சாண் உயரம்கூட வராத படம். லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் படியொன்றைப் பார்த்துவிட்டு அந்த அத்தியாயத்தைப் படித்தால் அங்கே சிறகடிக்கும் தேவதைகள் ஏன் இவ்வளவு அச்சமூட்டுகின்றன என்பது புரியும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். தேவதை ராணியின் பிடியில், மிட்டாய்க் குவியலின் நடுவில் வெண்ட்வொர்த் அழுதுகொண்டிருக்கிறான். ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் எடுக்காததாகிவிடுமே! ராணி டிஃபனியிடம் ஈட்டி போன்ற ஒரு கேள்வி கேட்கிறாள்: உனக்குத்தான் இவனைப் பிடிக்காதே, எதற்கு வந்தாய்? டிஃபனியால் பொய் சொல்ல முடியவில்லை. பிடிக்காதுதான். ஆனால் அவன் என் தம்பி. அந்த ‘என்’ என்பதிலிருந்து அவள் மேலே ஏறுகிறாள். என் தம்பி, என் ஆடுகள், என் மண் என்று தன்னுடையதாக்கிக்கொண்டு, தன்னுடையது என்பதாலேயே காக்கத் துணிகிறாள். பாசம் ஊறிய பிறகுதான் கடமை என்று அவள் காத்திருக்கவில்லை. முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், பிடிக்காத மாமனாருக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுப்பவர்கள் எத்தனையோ பேருக்கு இது தெரிந்த உண்மை. குழந்தைகளுக்கான ஒரு நூலில் இதை இத்தனை நேர்மையாக நான் வேறெங்கும் படித்ததில்லை. 2004இல் இளையோர் நூலுக்கான லோகஸ் விருது இதற்குக் கிடைத்தது, தகும்.

டிஃபனி இன்னும் நான்கு நாவல்களில் வளர்கிறாள். ஐந்தாவதான ‘தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்’ பற்றித்தான் வாசகர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. 2007இல் அல்சைமர் நோய் இருப்பதை அறிவித்த பிராட்செட், விசைப்பலகையில் தட்ட இயலாமல் சொல்லச் சொல்லப் பதிவு செய்யும் முறையில் எழுதியது அது. 2015 மார்ச்சில் அவர் காலமானார், ஆகஸ்டில் நாவல் வந்தது. அவருடைய டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசையில் நாற்பத்தொன்றாவது, கடைசி நூல். அரைகுறையாக நிற்கிறது, சில காட்சிகள் குறிப்பாகவே இருக்கின்றன என்று சொல்பவர்கள் உண்டு. அவர் உயிரோடு இருந்திருந்தால் இன்னும் செதுக்கியிருப்பார் என்பதை உதவியாளர் ராப் வில்கின்ஸே பின்னுரையில் ஒப்புக்கொள்கிறார். இன்னொரு சாரார் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் பிரிக்காமலே இருக்கிறார்கள். பிரித்துவிட்டால் படிக்க அவருடைய புதிய புத்தகம் ஒன்றுகூட மிச்சமிருக்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

பிரிக்காமல் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பெரும் சூனியக்காரியின் மரணத்தோடு தொடங்கும் அந்த முதல் அத்தியாயங்கள், தன் மரணம் அருகில் இருப்பதை அறிந்த ஒரு மனிதர் எழுதியவை. வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பாத்திரங்களைத் துலக்கி, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் படுக்கிறாள் அந்தக் கிழவி. பின்பாதியின் குறைகளை முழுதாக ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் இந்தப் பக்கங்களைப் படிக்காமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. அண்ணன் மகள் இப்போது மூன்றாவது நாவலில் இருக்கிறாள். ஐந்தாவதை எப்போது தருவாய் என்று கேட்டாள். நான்காவதை முடித்த மறுநாளே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.