செஞ்சியில் மணி காணாமல் போனால் எந்த ஆப்பில் தேடுவது?

போன தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி எங்க வீட்டு மணி காணாமல் போனான். பக்கத்துத் தெருவில் யாரோ ஆயிரம் வாலா கொளுத்த, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். வீடு செஞ்சியில், நான் சென்னையில். அம்மா போனில் அழுகிறார். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவன் வேறு என்ன செய்வான்? இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போட்டேன். நானூறு பேருக்கு மேல் பார்த்தார்கள். அழுகிற எமோஜி, உடைந்த இதயம், 'கண்டிப்பா கிடைச்சிடுவான் ப்ரோ' என்று ஏகப்பட்ட ஆறுதல். அவர்களில் ஒருவர்கூட செஞ்சியில் இல்லை.

மறுநாள் மதியம் மணியைக் கண்டுபிடித்தது பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். அவரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது, இன்ஸ்டா இல்லை. அப்பா கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்ததால்தான் அவருக்கு விஷயமே தெரியும்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பயந்துபோயிருந்த மணி, அதற்குள் தன்னைப் பிடிக்க வந்த ஒரு பையனின் கையைக் கடித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டதே, "நாய்க்கு ஊசி போட்டிருக்கா? எப்போ போட்டது?" என்றுதான். போட்டது ஞாபகம் இருக்கிறது, தேதி ஞாபகம் இல்லை. அட்டை வீட்டில் எங்கேயோ. பையனுக்கு உடனே ஊசி தொடங்கிவிட்டார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அது போடவேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பையனின் அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களிடம் ஒரு தேதி இல்லை. பத்து நாள் நாயைக் கண்காணிக்கச் சொன்னார்கள். பத்தாவது நாளும் மணி வாலாட்டினான். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

'செல்லப்பிராணி வளர்ப்பவர்களுக்கு ஒரு சோஷியல் மீடியா ஆப் பண்ணா எப்படி இருக்கும்?' என்பது இன்ஜினீயரிங் காலேஜ் ப்ராஜெக்ட் முதல் ஸ்டார்ட்அப் மேடை வரை அடிக்கடி வரும் ஐடியா. நல்ல ஐடியாதான். ஆனால் அப்படி ஒன்றை வடிவமைக்க உட்காரும் எல்லோரும் நாய் வளர்ப்பவரை மட்டுமே மனதில் வைத்து வரைகிறார்கள். மணி விஷயத்தில் எங்களுக்குத் தேவைப்பட்ட இருவர், டீக்கடை அண்ணனும் அந்தப் பையனின் அம்மாவும். இருவர் வீட்டிலும் நாய் கிடையாது.

ஃபேஸ்புக்குக்கு முன்பே வந்த நாய்புக்

இந்த ஐடியா இருபது வருஷத்துக்கு மேல் பழசு. 2004 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவில் டெட் ரைன்கோல்ட் என்பவர் 'டாக்ஸ்டர்' என்ற தளத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம், போட்டோ, பிடித்த விளையாட்டு, நண்பர்கள் பட்டியல். ஃபேஸ்புக் வந்தது அதற்கு அடுத்த மாதம்தான்! பிறகு பூனைகளுக்காக 'கேட்ஸ்டர்' வந்தது. இரண்டும் நன்றாகவே ஓடின. 2011-ல் 'சே மீடியா' என்ற நிறுவனம் வாங்கியது. நாய்களின் புரொஃபைல் பக்கங்கள் பிற்பாடு மூடப்பட்டன. இன்று அந்தப் பெயரில் மிஞ்சியிருப்பது நாய் வளர்ப்பு பற்றிய கட்டுரைகள்.

ஏன் நிலைக்கவில்லை? என் கணிப்பு இது: நாய் போட்டோவுக்குத் தனி இடம் தேவையில்லை. மணி தூங்குகிற போட்டோவை ரசிப்பவர்கள் என்னைத் தெரிந்தவர்கள். அவர்கள் ஏற்கெனவே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இருக்கிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று இனம்வாரியாகப் பேசவும் அங்கேயே குரூப்புகள் உண்டு. முகம் தெரியாத ஆயிரம் நாய்களைப் பார்க்க எத்தனை நாள் ஒரு ஆப்பைத் திறப்போம்? மூணு நாள். அப்புறம் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் கத்தும்போது முதலில் டெலீட் ஆவது அதுதான்.

ஃபேஸ்புக் உலகத்துக்கே என்று தொடங்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஹார்வர்டு என்ற ஒரே கேம்பஸில் தொடங்கியது. அக்கம்பக்கத்தாருக்கான 'நெக்ஸ்ட்டோர்' ஆப், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரே ஒரு குடியிருப்புப் பகுதியில் பரிசோதிக்கப்பட்டு வளர்ந்தது. தமிழ்நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரம் யூசர்கள், நாய் தொலைந்த ராத்திரியில் பூஜ்யத்துக்குச் சமம். செஞ்சிக்குள் இருநூறு வீடு இருந்தால் போதும், கதையே வேறு.

மாட்டுக்கு நம்பர் உண்டு, மணிக்கு?

செஞ்சி என்றதும் உங்களுக்குக் கோட்டைதான் நினைவுக்கு வரும். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பட்டியலோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். தேசிங்கு ராஜாவை அவர் குதிரையோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிற ஊர். இன்னொரு பக்கம், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். இங்கே வீட்டில் ஒரு ஆடோ மாடோ நாலு கோழியோ இருப்பது 'பெட் பேரன்ட்' விஷயம் இல்லை, பிழைப்பு. சிட்டியில் இருந்துகொண்டு வடிவமைப்பவர் இதைக் கவனிக்காமல் 'உங்கள் செல்லத்தின் பிறந்தநாள்?' என்று முதல் கேள்வியைக் கேட்டால், எங்க அம்மா அங்கேயே ஆப்பை மூடிவிடுவார். மணி எப்போது பிறந்தான் என்று மணிக்கே தெரியாது.

இந்த ஊரின் கறவை மாடுகளின் காதைப் பாருங்கள். மஞ்சள் தோடு மாதிரி ஒரு பட்டை, அதில் 12 இலக்க எண். மத்திய அரசின் 'பாரத் பசுதன்' தரவுத்தளத்தில் அந்த எண்ணை வைத்து மாட்டின் தடுப்பூசி, கருவூட்டல் விவரங்கள் பதிவாகின்றன. அவசரத்துக்கு 1962-க்கு அடித்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு ஏற்பாடு உண்டு. ஆக, தொழுவத்தில் நிற்கும் லட்சுமிக்கு ஒரு டிஜிட்டல் அடையாளம் இருக்கிறது. வாசலில் படுத்திருக்கும் மணிக்கு இல்லை. ரேபிஸ் விஷயத்தில் ஊர் கவலைப்படவேண்டியது முக்கியமாக மணியைப் பற்றித்தான்.

சென்னையில் நிலைமை மாறிவிட்டது. 2025 இறுதியில் மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அப்போது என் நண்பர்களில் பாதிப் பேர் 'சிப் போட்டா நாய் எங்க இருக்குன்னு போன்ல தெரியும்ல?' என்று கேட்டார்கள். தெரியாது. அரிசிமணி அளவுள்ள அந்தச் சிப்பில் பேட்டரியும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. அதற்கான ஸ்கேனரைப் பக்கத்தில் காட்டினால் ஒரு 15 இலக்க எண் வரும், அவ்வளவுதான். அந்த எண் எங்காவது பதிவாகி, அதைப் பார்க்க ஆள் இருந்தால்தான் பலன். டீக்கடை அண்ணனிடம் ஸ்கேனர் கிடையாது.

அவரிடம் இருப்பது பணம் வாங்கும் க்யூஆர் அட்டையும், எதையும் ஸ்கேன் செய்யத் தெரிந்த வாடிக்கையாளர்களும். அப்படியென்றால் நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு க்யூஆர் போதும். ஸ்கேன் செய்தால் ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொல்லக்கூடாது. நேராக ஒரு தமிழ்ப் பக்கம் திறக்கவேண்டும்: நாயின் பெயர், கடைசி ரேபிஸ் ஊசி தேதி, 'வீட்டாரைக் கூப்பிடு' பட்டன். அழைப்பு டாக்ஸி ஆப்களில் மாதிரி நம்பர் மறைத்துப் போகட்டும். எங்க அம்மாவின் செல் நம்பர் ஊரெல்லாம் சுற்றத் தேவையில்லை.

அதே பக்கத்தில் 'நாய் கடித்துவிட்டதா?' என்று இன்னொரு பட்டன். அழுத்தினால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவச் சொல்லவேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வேண்டாம் என்றும், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்றும், ஆரம்பித்த ஊசியை நடுவில் நிறுத்தக்கூடாது என்றும் சொல்லவேண்டும். ஒரு அம்மா அலறிக்கொண்டிருக்கும்போது படிக்கிற பக்கம் அது. நாலு வரிக்கு மேல் போகக்கூடாது. கூடவே, படித்துக் காட்டும் குரல் இருந்தால் நல்லது.

நாய் வளர்ப்பவரின் பக்கம்? அதில் முதலில் தெரிய வேண்டியது ஊசி அட்டை. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிற பூஸ்டர், அதன்பின் வருஷா வருஷம். அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துவிட்டால் தேதி நெருங்கும்போது வாட்ஸ்அப்பிலேயே நினைவூட்டல் வரவேண்டும். இரண்டாவது, 'காணோம்' பட்டன். நாயின் படத்தோடு, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயாராக ஒரு போஸ்டர் பத்து செகண்டில் வரட்டும். தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளட்டும். போட்டோவுக்கும் லைக்குக்கும் மூன்றாம் இடம் கொடுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

'ஓனர் பெயர்' என்ற கட்டம்

எங்க தெருவில் ஒரு செவலை இருக்கிறாள். காலையில் ஒரு வீட்டில் இட்லி, மதியம் இன்னொரு வீட்டில் சோறு, ராத்திரி காவல் முழுத் தெருவுக்கும். அவளுக்கு ஓனர் யார்? சென்னை, செஞ்சி என்றில்லாமல் நம் ஊர் நாய்களில் பலவும் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில்தான் வாழ்கின்றன. பதிவுப் படிவத்தில் 'ஓனர் பெயர்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் செவலை மாதிரி நாய்கள் மொத்தமும் கணக்கிலேயே வராது. 'பார்த்துக்கொள்பவர்கள்' என்று நாலைந்து பெயர் சேர்க்கும் வசதி வேண்டும். ஒரு ஊரின் நாய்களில் சுமார் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவதை நிறுத்தலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு நாய்களை மட்டும் எண்ணி அந்த 70-ஐத் தொட முடியாது.

சண்டை வரும், தெரியும். 2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, பிறகு அதே மாதத்தில் மாற்றியமைத்தபோது கமென்ட் பாக்ஸ்களில் என்ன நடந்தது என்று பார்த்தோமே. சோறு வைப்பவர்கள் ஒரு பக்கம், கடிபட்டவர்கள் ஒரு பக்கம். ஊர் அளவிலான ஆப்பில் அந்தச் சண்டை வந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஒரே தெரு. அதனால் பொதுவிவாதப் பகுதியே வேண்டாம் என்பேன். செவலைக்கு ஊசி போட்டாச்சா, கருத்தடை ஆச்சா, இந்த வாரம் யார் பார்க்கிறார்கள், இவ்வளவு பேசினால் போதும்.

இன்னும் இரண்டு சிக்கல்கள். 'நாலு நாள் ஊருக்குப் போறோம், நாயைப் பார்த்துக்க யாராவது இருக்கீங்களா?' செல்லப்பிராணி ஆப்களில் மிகச் சாதாரணமான பதிவு. திருடனுக்கு அழைப்பிதழும் அதுதான். வீட்டின் துல்லியமான இடத்தை யாருக்கும் காட்டக்கூடாது, தெரு அளவோடு நிற்கட்டும். போட்டோவோடு ஒட்டிவரும் லொகேஷன் தகவலை ஆப்பே அழித்துவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள்தான் இந்த ஆப்பில் அதிகம் சுற்றுவார்கள் என்பதால், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைப் பெற பெற்றோர் ஒப்புதல் கேட்கும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை முதல் நாளே படித்துவிடுவது நல்லது.

அடுத்தது கிளி. நம் ஊர்களில் கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதைப் பலரும் தப்பாக நினைப்பதே இல்லை. ஆனால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை, வீட்டில் வளர்க்கக்கூடாது. 'உங்கள் செல்லம் எது?' பட்டியலில் ஆப் கிளிப் படத்தை வைத்தால், யூசரைத் தப்பு செய்ய அழைத்து, போட்டோ ஆதாரத்தையும் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, காசு எங்கிருந்து வரும்? குட்டி விற்பனையைச் சேர்க்கத்தான் முதலீட்டாளர் முதலில் சொல்வார். பதிவு பெறாதவர்கள் இனப்பெருக்கம் செய்து விற்கக்கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-லேயே விதிகள் வந்துவிட்டன. ஆன்லைனில் அதையெல்லாம் யார் சரிபார்க்கிறார்கள்? விற்பனை வந்த நாளே இது ஊர் நாய்களின் ஆப்பாக இருக்காது. விற்பனை இல்லாமல் ஒரு சிறு ஊரின் ஆப் பெரிய லாபம் பார்க்காது என்பதும் உண்மை. அதனால்தான் இதைத் தனியார் ஸ்டார்ட்அப் கையில் மட்டும் விடாமல், மாட்டுக்குச் செய்ததை நாய்க்கும் செய்யுங்கள் என்று அரசிடம் கேட்கவேண்டியிருக்கிறது. சென்னைக்கு ஒரு போர்ட்டல் இருக்கிறது. செஞ்சி மாதிரி ஊர்களுக்கும் பதிவு எண்ணும் ஊசி விவரமும் கிடைக்கும் ஒரு பொதுத் தரவுத்தளம் வந்துவிட்டால், மேலே ஆப் கட்டுவதை நம் காலேஜ் பசங்களே பார்த்துக்கொள்வார்கள். தொடங்க நல்ல நாளும் இருக்கிறது: செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினம். அதையொட்டி நடக்கும் இலவசத் தடுப்பூசி முகாமில் ஊசி போட்ட கையோடு க்யூஆர் பட்டையையும் கட்டிவிட்டால், அன்று மாலையே ஊரில் ஒரு நெட்வொர்க் தயார்.

அதுவரைக்கும் எங்க அப்பாவிடம் ஒரு வெர்ஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. மணியின் கழுத்துப்பட்டையில் பெர்மனென்ட் மார்க்கரால் தன் போன் நம்பரையும் ஊசி போட்ட தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். பெயரில்தான் பெர்மனென்ட். மழையில் அழிகிறது, மறுபடி எழுதுகிறார்.