லாட்டரி எண்ணை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

"இன்றைய உறுதி நம்பர்", "நூறு சதவீத கெஸ்ஸிங்", "நேற்று நாங்கள் சொன்ன எண் அடித்தது!" வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூபிலும் இத்தகைய பதிவுகள் தினமும் வலம் வருகின்றன. பிற்பகல் 3 மணிக்குக் கேரள லாட்டரி குலுக்கல் தொடங்கும் முன், தமிழகத்தில் பல கைப்பேசிகள் இந்த எண்களுக்காகவே காத்திருக்கின்றன. நம் சமுதாய இளைஞர்களும் இதற்கு விதிவிலக்கல்ல என்பது வேதனையான உண்மை.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரி தடை செய்யப்பட்டது. ஆனால் கேரள அரசு வெளியிடும் முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து இங்கே 'மூன்று நம்பர் லாட்டரி' என்ற சட்டவிரோதச் சூதாட்டம் நடக்கிறது. துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுப்பார்கள், அல்லது வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக் கொள்வார்கள். இதற்கும் கேரள அரசுக்கும் சம்பந்தமில்லை. ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தருவதை மத்திய அரசின் 1998-ம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டமே தடுக்கிறது. ஆனால் இவர்களோ 'ஏ போர்டு, பி போர்டு, சி போர்டு' என்று ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பந்தயம் பிடிக்கிறார்கள்.

'ரொம்ப நாளாக வராத எண்'

கணிப்பவர்கள் சொல்லும் முதல் வாதம்: "20 நாளாக 7 வரவில்லை, இன்று வந்தே தீரும்". கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் குலுக்கல் இயந்திரத்துக்கு நேற்றைய முடிவு ஞாபகம் இருக்காது. பத்து இலக்கங்களில் ஒன்று தொடர்ந்து 20 நாட்கள் வராமல் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 12. எனவே அது அதிசயம் அல்ல. இருபத்தோராம் நாளும் 7 வரும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான்.

2009 செப்டம்பரில் பல்கேரியா நாட்டு லாட்டரியில் 4, 15, 23, 24, 35, 42 ஆகிய ஆறு எண்களும் அடுத்தடுத்த இரண்டு குலுக்கல்களில் அப்படியே வந்தன. அரசு விசாரித்தது, மோசடி எதுவும் கண்டறியப்படவில்லை. "நேற்று வந்த எண் இன்று வராது" என்று ஒதுக்கியவர்களின் கணக்கு அங்கே பொய்த்துப் போனது.

'நேற்று அடித்ததே!'

அப்படியானால் சிலர் சொன்ன எண் எப்படிச் சரியாக வருகிறது? 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னால் ஒருவர் சொன்னது நிச்சயம் அடிக்கும். அவர் மறுநாள் 'ஸ்க்ரீன்ஷாட்' போடுவார். மற்ற 999 பேர் பழைய பதிவை அழித்துவிடுவார்கள். நம் கண்ணில் படுவது அந்த ஒருவர் மட்டுமே.

பண விஷயத்தையும் பார்ப்போம். ஆயிரம் பேர் ஆளுக்கு 60 ரூபாய் கட்டினால் 60,000 ரூபாய் சேரும். ஜெயித்த ஒருவருக்கு 30,000 கொடுத்தாலும் மீதி 30,000 நடத்துபவரின் பைக்குப் போகிறது. தினமும் ஒரு எண் வீதம் ஓராண்டு முழுக்க விளையாடினாலும், நூறில் ஏறக்குறைய 70 பேருக்கு ஒருமுறைகூட மூன்று எண்ணும் அடிக்காது. இது கணிதம், இதில் ராசிக்கு இடமில்லை.

உண்மையிலேயே கணித்தவர்கள்

எண்ணை முன்கூட்டியே அறிந்தவர்களும் உண்டு. 1980 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில லாட்டரியில் 666 வந்தது. 4, 6 தவிர மற்ற எண்களின் பந்துகளை யாரோ கனமாக்கியிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. குலுக்கலைத் தொகுத்து வழங்கிய தொலைக்காட்சி அறிவிப்பாளரே தண்டிக்கப்பட்டார்.

எடி டிப்டன் என்பவர் அமெரிக்காவில் பல மாநிலங்களின் லாட்டரிகளை நடத்தும் சங்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கணினி நிரலிலேயே, ஆண்டின் மூன்று குறிப்பிட்ட தேதிகளில் மட்டும் கணிக்கத்தக்க எண்கள் வரும்படி ரகசியமாக எழுதி வைத்தார். 2010 டிசம்பர் 29 குலுக்கலில் அவர் வாங்கிய சீட்டு சிக்கியது. 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 25 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆக, குலுக்கல் நேர்மையானது என்றால் எண்ணை யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடிகிறது என்றால் உள்ளே திருட்டு நடக்கிறது. அப்படித் திருடுபவன், தனக்குத் தெரிந்த எண்ணை முகம் தெரியாத நமக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவானா?

மார்க்கம் சொல்வது என்ன?

சூரத்துல் மாயிதாவின் 90-வது வசனம் மதுவையும் சூதாட்டத்தையும் ஷைத்தானின் செயல்களாகச் சொல்லும்போது, அம்புகளால் குறி பார்ப்பதையும் உடன் சேர்த்தே தடுக்கிறது. லாட்டரி சூதாட்டம், அதற்கு எண் கணிப்பது குறி பார்ப்பதன் புதிய வடிவம். மறைவானதை அல்லாஹ் ஒருவனே அறிவான் என்று நம்பும் ஒருவர், நாளைய எண்ணை யூடியூபில் தேடுவது எப்படிப் பொருந்தும்?

"லாட்டரி பணத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் நடக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. கேரளாவின் 'காருண்யா' லாட்டரி மருத்துவ உதவிக்காகவே தொடங்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை ஒத்துக்கொண்டே, அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்று சூரத்துல் பகராவின் 219-வது வசனம் தீர்ப்பளித்துவிட்டது.

அந்தப் பெரிய தீங்கை நாம் கண்ணால் பார்த்தோம். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்து கடனாளியான ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே, மூன்று பெண் குழந்தைகள் உட்பட, மாண்டு போனது.

வீட்டில் எவரேனும் இதில் சிக்கியிருந்தால் திட்டி ஒதுக்குவது தீர்வல்ல. அவமானத்துக்குப் பயந்து கடனை மறைப்பவர்தான், "இன்று ஒருநாள் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று மீண்டும் சீட்டு எழுதுகிறார். கடன் எவ்வளவு, யாரிடம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுங்கள். சம்பளத்தைக் கொஞ்ச காலம் வீட்டில் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். கெஸ்ஸிங் குழுக்களிலிருந்து அவரை வெளியேறச் செய்யுங்கள். ஜமாஅத்துகள் பைத்துல்மால் மூலம் வட்டியில்லாக் கடன் கொடுத்துக் கைதூக்கி விடலாம். ஜும்ஆ பயான்களில் வட்டியைப் பற்றிப் பேசுவதுபோல இதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

நமக்கு விதிக்கப்பட்ட ரிஸ்க் மூன்று இலக்கங்களில் ஒளிந்திருக்கவில்லை. ஹலாலான உழைப்பில் அதைத் தேடும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக!