முதுகெலும்பு முறிவும் பின்னாளில் விழும் கூனும்: எங்கள் நிலைப்பாடு

தென்னையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுபவர்களுக்கு, கழுத்தை விட்டுவிட்டால், முதுகெலும்பு பெரும்பாலும் உடைவது ஒரே பகுதியில்தான்: விலா எலும்புகளோடு பிணைந்து அசையாமல் நிற்கும் நடுமுதுகு, வளைந்து கொடுக்கும் இடுப்புப் பகுதியைச் சந்திக்கும் இடம். அங்கே திருகாணியும் கம்பியும் பொருத்தி, தையல் பிரித்து, வீட்டுக்கு அனுப்பியதும் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கெழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டாண்டு கழித்தும் அவர் நிமிர்ந்து நிற்கிறாரா என்பதே அறுவையின் வெற்றிக்கு அளவுகோல். முதுகெலும்பு அறுவை மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் தண்டுவடக் காயத்தோடு வாழ்பவர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

எல்லா முறிவுக்கும் கத்தி வேண்டியதில்லை. நரம்பு பாதிக்கப்படாமல், பின்பக்க ஜவ்வுகள் கிழியாமல் இருக்கும் வெடிப்பு முறிவுகளில் அறுவையால் கூடுதல் பயன் இல்லை என்று 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே நோயாளிகளைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொள்ளாதவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. ஆனால் படுத்த நிலையில் எடுத்த ஸ்கேனை மட்டும் நம்பி இவர்களை அனுப்பிவிடக் கூடாது. பெல்ட் அணிந்து எழுந்து நின்றபின் ஒரு எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். எடை ஏறினால்தான் முறிவின் உண்மையான வலு தெரியும்.

அறுவை தேவைப்படுபவர்களுக்கு எங்கே தவறுகிறது? உடல் எடையில் பெரும்பகுதியைச் சுமப்பது முதுகெலும்பின் முன்பகுதி. அது நொறுங்கியிருக்கையில் பின்னாலிருந்து திருகாணி போட்டு நிமிர்த்தினால், எக்ஸ்ரேயில் முதுகு நேராகவே தெரியும். முன்னால் மட்டும் எலும்பில்லாத வெற்றிடம் இருக்கும். நோயாளி நடக்கத் தொடங்கியதும் அந்தப் பாரம் திருகாணிகள் மேல் இறங்குகிறது. மாதக்கணக்கில் தாங்கிய உலோகம் ஒருநாள் முறியும், அல்லது எலும்பிலிருந்து தளரும். முதுகு மறுபடி முன்சாயும். எந்த முறிவில் இது நேரும் என்பதை முன்கூட்டியே கணிக்க 1994இலேயே மெக்கார்மக் குழுவினர் ஒரு மதிப்பெண் முறையைத் தந்தார்கள். 9க்கு 7 அல்லது அதற்கு மேல் வந்தால், மேலும் கீழும் ஒவ்வொரு எலும்பில் மட்டும் திருகாணி போட்டு நிறுத்துவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. முன்பக்கத் தாங்கல் வைக்க வேண்டும், அல்லது பொருத்தும் நீளத்தைக் கூட்ட வேண்டும்.

தண்டுவடத்தை விடுவிப்பதாகச் சொல்லி, எலும்பை நிலைநிறுத்தாமல் பின்வளைவை மட்டும் வெட்டியெடுப்பதை அறவே கைவிட வேண்டும். முன்பக்கம் உடைந்தவருக்கு எஞ்சியிருந்த பின்பக்கப் பிடிப்பையும் பறிப்பது அது. குழந்தைகளுக்கு இதன் விளைவு இன்னும் கொடியது. வளர வளரக் கூனும் வளரும்.

கூன் விழுந்தவருக்குத் தீராத முதுகுவலி. சிலருக்கு ஆண்டுகள் கழித்துக் கால் வலுவிழக்கிறது. ஏற்கெனவே கால் செயலிழந்தவருக்கோ, புடைத்த எலும்பு சக்கர நாற்காலியில் உரசிப் புண்ணாகிறது. உணர்ச்சியில்லாததால் புண் ஆழமான பிறகே தெரிகிறது. கூனைத் திருத்த எலும்பை ஆப்பு வடிவில் வெட்டியெடுக்கும் பெரிய அறுவை தேவை. ரத்த இழப்பும் தண்டுவட ஆபத்தும் முதல் அறுவையைவிட மிக அதிகம்.

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. மனமார வரவேற்கிறோம். கூன் விழுவதோ அதற்குப் பல மாதங்கள் கழித்து. 6 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 ஆண்டு, 2 ஆண்டு என நின்றநிலை எக்ஸ்ரே எடுக்கும் தேதிகளை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். தினக்கூலிக்காரர் ஒருநாள் சம்பளத்தை விட்டு நகரத்துக்கு வரமாட்டார். தாலுகா மருத்துவமனையிலேயே படமெடுத்து, அறுவை செய்த மருத்துவருக்கு அனுப்ப அரசு வழிசெய்ய வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வலி திரும்பினாலோ, முதுகு புடைத்தாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ, “ஆபரேஷன் பண்ண இடம், அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.