காய்ச்சல் மருந்துக்கு ஒரே வீரியம் வேண்டும்



குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மருந்து நம் கடைகளில் விற்கப்படும் முறையைக் கண்டித்து இதை எழுதுகிறேன். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் வந்தால் எவ்வளவு கொடுப்பது என்று கேட்காத தாய் இல்லை. அந்தச் சின்னக் கேள்விக்கு ஒரே பதில் சொல்ல முடியாதபடி வைத்திருக்கிறோம்.

"5 மில்லி கொடும்மா" என்றால் போதாது. எந்தப் பாட்டிலிலிருந்து என்று கேட்டாக வேண்டும். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்னொன்றில் 250. கைக்குழந்தைகளுக்கென விற்கும் சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். அதை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை! சின்னப் பாட்டில், சின்னக் குழந்தைக்கு, ஆகவே வீரியமும் குறைவு என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர் எதிராக இருக்கிறது.

பாராசிட்டமாலை வயதைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது, எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஒரு நாளைக்கு மொத்தம் கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்குள் நிற்பது நல்லது. 10 கிலோ குழந்தைக்கு வேளைக்கு 100 முதல் 150, நாளுக்கு 600 என்று வரும். இனி கடையில் நடப்பதைப் பாருங்கள். ஒரு தாய் கொண்டுவந்த மருத்துவர் சீட்டில் எழுதிய கம்பெனி மருந்து இருப்பில் இல்லை. "இதுவும் அதேதாம்மா" என்று வேறொரு பாட்டிலை எடுத்துத் தருகிறார்கள். மருந்து அதேதான், வீரியம் இரண்டு மடங்கு. மருத்துவர் 120-ஐ மனதில் வைத்து எழுதிய 5 மில்லியை அந்தத் தாய் 250-லிருந்து ஊற்றுகிறாள். நான்கு வேளையில் 1,000 மில்லிகிராம். காய்ச்சல் விடவில்லையே என்று இரண்டு மூன்று நாள் இப்படியே போனால் குழந்தையின் கல்லீரல் பழுதாகும் அபாயம் உண்டு. முதலில் வாந்தி, சோர்வு தவிர வேறொன்றும் தெரியாது. அதையும் காய்ச்சலின் அசதி என்றே வீட்டில் எண்ணுவார்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது. ஆனால் ஒரேயடியாக அளவு மீறிக் குடித்துவிட்ட குழந்தைக்கு அதை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

இத்தோடு சளி மருந்தும் சேர்ந்துகொள்கிறது. பல சளி சிரப்புகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என இரண்டு பாட்டிலிலிருந்து கொடுக்கும் தாய்க்கு, ஒரே மருந்தை இருமுறை கொடுக்கிறோம் என்பது எப்படித் தெரியும்? பெட்டியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது!

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிப் என்ற இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 2025-ல் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது நாடே கொதித்தது. கொதித்தது நியாயம். அதில் 48.6 விழுக்காடு டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வுதான் வெளிக்கொண்டு வந்தது. ஆனால் கலப்படமே இல்லாத நல்ல மருந்தும் அளவு தப்பினால் குழந்தையைக் கெடுக்கும். அதற்காக யாரும் கொதிக்கக் காணோம்.

மழைக்காலத்தில் இன்னொரு கவலை. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். ஆனாலும் "சீக்கிரம் காய்ச்சல் விடும்" என்று சொல்லி, இவை பாராசிட்டமாலோடு கலந்த சிரப்பையே சீட்டுக் கேட்காமல் கொடுக்கிறார்கள்.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் 2011-ல் கைக்குழந்தைகளுக்கான செறிவு மிகுந்த சொட்டு மருந்தை நிறுவனங்கள் கைவிட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே வீரியத்துக்கு மாறின. இங்கும் மத்திய அரசு ஒரே வீரியத்தைக் கட்டாயமாக்க வேண்டும். மில்லி கோடு போட்ட ஊசியில்லாச் சிரிஞ்சு ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டும். வீட்டுக் கரண்டியும் பாலாடையும் ஆளுக்கொரு அளவு.

டெல்லி முடிவெடுக்கும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. வீரியம் மாற்றிக் கொடுக்கும் கடைக்காரர், எத்தனை மில்லி என்பதைப் பாட்டில் மேலேயே தமிழில் எழுதித் தர வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிடலாம். தடுப்பூசி நாளில் செவிலியர் குழந்தையை எடை போட்டு அட்டையில் குறிக்கத்தான் செய்கிறார். அந்த எடைக்குப் பக்கத்தில், காய்ச்சலுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுத ஒரு கட்டம் சேர்த்து அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.