கேட்க வெட்கமா? – மறைவிடம் சுத்தம் செய்தபின் வரும் எரிவும் பருவும்





இம்முறை வந்த கடிதங்களில் ஒன்று, உறைக்குள் இன்னொரு உறை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. உள்ளுறையின் மேல் "ராத்தா மட்டும் பிரிக்கவும்" என்று எழுதியிருந்தது. எழுதியவர் திருமணமாகி மூன்று வருடங்களான ஒரு சகோதரி. மறைவிட முடியைக் களைந்த மறுநாளே தோல் எரியத் தொடங்குகிறதாம். மூன்றாம் நாள் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். அவற்றில் சில சீழ் கட்டி உடைகின்றன. உடைந்த இடம் கறுத்துப் போகிறது. தன் மதினியிடம் சொன்னதற்கு, "சுத்தமாக இருந்தால் இப்படி வருமா?" என்று கேட்டுவிட்டாராம். அன்றிலிருந்து இவர் வாரத்தில் இரண்டு தடவை பிளேட் பிடிக்கிறார். கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமலே பூசுகிறார். பருக்கள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. "நான் அசுத்தமானவளா ராத்தா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இல்லை தங்கச்சி. உங்கள் வருத்தத்துக்குக் காரணம் சுத்தக் குறைவு அல்ல, அளவுக்கு மிஞ்சிய சுத்தம்.

இந்தப் பக்கத்தில் இதை எழுதுவதா என்று முகம் சுளிக்கக் கூடியவர்களும் இருப்பீர்கள். மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டியது நாம் அறிந்ததே. முடி களைவது ஃபித்ரா என்னும் இயற்கை மரபுகளில் ஒன்று. அதைச் செய்யச் சொல்லிக் கொடுக்கும் நாம், தோல் கெடாமல் எப்படிச் செய்வது என்பதை மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளை பருவமடைந்ததும் உம்மா ஒரு பிளேட்டைக் கடதாசியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார். அத்தோடு பாடம் முடிந்தது.

முதலில் அந்தப் பரு ஏன் வருகிறது என்று பார்ப்போம். அவ்விடத்து முடி தலைமுடியைப் போன்றதல்ல. தடிப்பானது, சுருள்வது. பிளேட்டால் வழிக்கும்போது அதன் நுனி சீவிய பென்சில் போலக் கூராகிவிடுகிறது. தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் பக்கத்துக்கு எதிராக, மேலும் கீழும் அழுத்தி வழித்தால் முடி தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படுகிறது. கையை எடுத்ததும் தோல் மூடிக்கொள்கிறது. பிறகு வளரும் அந்தக் கூர் நுனி வெளியே வர வழியில்லாமல் பக்கத்துத் தசையைக் குத்துகிறது. அல்லது வெளியே வந்த பின் வளைந்து மறுபடி தோலுக்குள் நுழைகிறது. முள்ளுத் தைத்தால் உடம்பு என்ன செய்யுமோ அதையே இங்கும் செய்கிறது: சிவக்கும், வீங்கும், கடிக்கும். இது அழுக்கினால் வருவது அல்ல. சொந்த முடியே முள்ளாகிவிடுகிறது, அவ்வளவுதான். முடி எவ்வளவு சுருளோ அவ்வளவு தொல்லை.

இன்னொரு வகையும் உண்டு. வழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் விழுகின்றன. நம் தோலில் சாதாரணமாகவே குடியிருக்கும் கிருமிகள் அவற்றின் வழியாக முடிக்குழிக்குள் இறங்கிச் சீழ்ப்பருவை உண்டாக்குகின்றன. பழைய பிளேட், ஈரக் குளியலறையில் கிடந்த ரேஸர், வியர்வை, இறுக்கமான உள்ளாடை எல்லாம் இதற்குத் துணை. கல்முனை, காத்தான்குடிப் பக்கத்து வெயிலில் பொலியெஸ்டர் உடுப்புக்கு மேல் அபாயாவும் அணிந்து நாள் முழுக்க நடப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 7,500க்கும் மேற்பட்டோரிடம் கேட்டு 2017இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், மறைவிட முடியை நீக்குபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எப்போதாவது அதனால் காயப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். வெட்டுக்காயமே அதிகம்.

இனி மார்க்கத்தின் பக்கம். நம்மில் பலர் வெள்ளிக்கு வெள்ளி கட்டாயம் வழித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குளிப்பு நிறைவேறாது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸில், 40 இரவுகளுக்கு மேல் விட்டுவிடக் கூடாது என்ற எல்லைதான் சொல்லப்படுகிறது. அதற்குள் அவரவர் தேவைப்படி செய்துகொள்ளலாம். கடமையான குளிப்புக்கு வேண்டியது தண்ணீர் தோலையும் முடியையும் சென்றடைவதே. முடி இருப்பதால் குளிப்பு வீணாவதில்லை. ஆகவே தோல் புண்ணாயிருக்கும்போது, ஆறும்வரை பிளேட்டைத் தொடாமல் இருக்க உங்களுக்குத் தாராளமாக நாட்கள் இருக்கின்றன.

அடுத்தது, பிளேட் மட்டும்தான் வழி என்பதும் இல்லை. வழிப்பது சிறந்தது என்று கூறும் இமாம் நவவி (ரஹ்) அவர்களே கத்தரிப்பதும், பிடுங்குவதும், நூரா பூசுவதும் ஆகும் என்று எழுதியிருக்கிறார்கள். நூரா என்பது அக்காலத்தில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த முடி நீக்கும் குழம்பு. இன்று பார்மசியில் குழாயில் வரும் கிறீம்களிலும் சுண்ணாம்புச் சத்து இருப்பதைப் பெட்டியின் பின்பக்கத்தில் பார்க்கலாம். சங்கதி அவ்வளவு புதிதல்ல!

எனவே அடிக்கடி பரு வருகிற சகோதரிக்கு என் முதல் ஆலோசனை இதுதான்: வழிப்பதை நிறுத்திவிட்டு, நுனி மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் அல்லது பற்றரியில் ஓடும் சிறிய டிரிம்மரால் ஒட்டக் கத்தரித்துக்கொள்ளுங்கள். முடி தோலுக்கு மேல் ஓரிரு மில்லிமீற்றர் நின்றுவிட்டால் அது உள்ளே குத்துவது மிகவும் குறைந்துவிடும். கடிதம் எழுதிய தங்கச்சி, நீங்கள் முதலில் நாலைந்து வாரங்கள் ஒன்றுமே செய்யாமல் தோலை ஆற விடுங்கள். பிறகு கத்தரிக்கோலைக் கையில் எடுங்கள். கிருமிநாசினியை இன்றோடு அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

வழித்தே பழகியவர்கள் நிதானமாகச் செய்ய வேண்டும். அவசரமாக, பிள்ளை கதவைத் தட்டும் நேரத்தில் செய்கிற வேலை அல்ல இது. நீண்ட முடியை முதலில் கத்தரித்துவிடுங்கள். பிறகு ஐந்து பத்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் குளித்தால் முடியும் தோலும் மிருதுவாகும். குளிக்கத் தொடங்கும்போதே வழிப்பதைவிடக் குளித்து முடியும் நேரத்தில் வழிப்பது நல்லது. வாசனையில்லாத சவர ஜெல் அல்லது மென்மையான சவர்க்கார நுரை பூசி, கூரான புதிய பிளேட்டால், முடி வளரும் பக்கமாகவே மெதுவாக இழுங்கள். அழுத்த வேண்டாம். தோலை விறைப்பாக இழுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேட்டைக் கழுவுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்து வழவழப்பாக்கும் ஆசைதான் பாதிப் பருவுக்குக் காரணம். இரண்டு மூன்று அலகு சேர்ந்த ரேஸர் நன்றாக வழிக்கும் என்பது உண்மை. ஆனால் முதல் அலகு முடியை இழுக்க, அடுத்தது தோலுக்குக் கீழே வெட்டிவிடுவதால், பரு வருகிறவர்களுக்கு ஒற்றை அலகே மேல். வெளித்தோலில் மட்டும் பாவியுங்கள், உள்ளிதழ்ப் பக்கம் பிளேட் போகவே கூடாது. முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அன்று முழுவதும் தளர்வான பருத்தி உள்ளாடை அணியுங்கள். தூரப் பயணத்துக்கோ கலியாண வீட்டு ஓட்டத்துக்கோ முந்திய நாள் இதைச் செய்யாதிருப்பது நல்லது. மாதவிடாய்க்குச் சற்று முன் பலருக்குத் தோல் நோவு கூடும், அந்த நாட்களையும் தவிருங்கள்.

உங்கள் ரேஸர் உங்களுக்கு மட்டும். கணவருடையதை எடுப்பதும், தங்கைக்குக் கொடுப்பதும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி போதும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி பரவ.

கிறீம் பாவிக்கிறவர்கள் ஒவ்வொரு புதிய குழாயையும் முன்கையில் சிறிது பூசிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். முடியைக் கரைக்கிற மருந்து தோலையும் சுடும். சொன்ன நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். மறைவிடத்துக்கு ஆகும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டுமே அங்கு பூசலாம், அதுவும் வெளித்தோலில் மட்டும். புண் மேலும், வழித்த அன்றும் கூடாது. மெழுகு வைத்து இழுப்பவர்களுக்கும் முடி உள்ளே வளரலாம். முகப்பருவுக்கு வைட்டமின் ஏ சார்ந்த மாத்திரை குடிப்பவர்களுக்கு மெழுகோடு தோலும் உரிந்து வரும். அழகு நிலையத்தில் இன்னொருவர் கையால் செய்வதில் அவ்ரத் பிரச்சினை இருப்பது உங்களுக்குத் தெரியும்.

சரி, எரிவு வந்துவிட்டது, என்ன செய்வது? முதல் நாள் எரிவுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். வாசனையில்லாத சாதாரணக் களிம்பு மெல்லிதாகப் பூசலாம். கற்றாழை பூசுகிறவர்கள் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடியவிட்டுக் கழுவிய பின்னரே உள்ளிருக்கும் சோற்றை எடுக்க வேண்டும். அந்தப் பால் தோலைக் கடிக்கச் செய்யும். பரு வந்த பின் குளிர் அல்ல, இளஞ்சூடுதான் நல்லது: வெதுவெதுப்பான துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. முடி வளைந்து மேலே தெரிந்தால் அதன் நுனியை மட்டும் மெல்ல விடுவித்து விடலாம். ஊசியால் தோண்டுவதும், நகத்தால் பிதுக்குவதும் சீழை ஆழத்துக்குத் தள்ளிவிடும். தேசிக்காய், பற்பசை, உப்பு, வாசனைப் பவுடர் எல்லாம் எரிகிற நெருப்புக்கு எண்ணெய். கறுத்த தழும்பு மாதக்கணக்கில் தானாக மங்கும். தேய்த்தால் மேலும் கறுக்கும்.

கடிதத்தில் ஓரிடத்தில் போகிற போக்கில் எழுதியிருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. வெளிநாட்டிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஒரு களிம்பு "இரண்டே நாளில் குணமாக்கியது" என்கிறார். பிறகு விட்டால் கூடுகிறது, பூசினால் குறைகிறது. தங்கச்சி, குழாயில் பீட்டாமெதசோன் அல்லது குளோபெட்டசோல் என்று இருக்கிறதா பாருங்கள். அவை வீரியமான ஸ்டீரொயிட் மருந்துகள். தொடையிடுக்குத் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலிந்து, வரிவரியாக வெடிக்கும். படர்தாமரை இருந்தால் கடியை மட்டும் மறைத்து, உள்ளே அதைப் பரவ விடும். குழாயையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். எப்படி விடுவதென்று அவர் சொல்வார்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய்க்கு நீரிழிவு இருந்தது. தொடையிடுக்கில் வந்த கட்டியை ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. மகள் கண்டுபிடித்ததும் கட்டியை அல்ல, காய்ச்சலில் நடுங்குவதைத்தான். ஆஸ்பத்திரியில் வெட்டிச் சீழ் எடுத்து, பல நாள் வைத்திருந்தார்கள். "ஆண் டொக்டர் வந்துவிடுவாரோ என்று பயந்தேன்" என்றார் பிறகு. நீரிழிவுள்ளவர்களுக்கு இவ்விடத்துக் கட்டி ஒன்பது நாள் காத்திருக்கிற விஷயமல்ல. யாராக இருந்தாலும் காய்ச்சல், பரவுகிற சிவப்பு, தொட முடியாத நோவு, பெரிதாகிக்கொண்டே போகும் வீக்கம் கண்டால் அன்றே போங்கள். கர்ப்பிணிகளும் அப்படியே. வாயிலின் ஓரத்தில் ஒரு பக்கமாக மட்டும் வீங்கினால் அது முடிப்பருவாக இல்லாமல் அங்குள்ள சுரப்பி அடைபட்டதாக இருக்கலாம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டிகள் மாறி மாறி வந்து தழும்பாகிறவர்களுக்கு அது தனியொரு தோல் வியாதியாக இருக்கக்கூடும். அதுவும் அழுக்கால் வருவதல்ல, மருந்தும் உண்டு. லேடி டொக்டர் வேண்டுமென்று கேட்பது உங்கள் உரிமை. கேட்கக் கூச்சமாயிருந்தால், உங்கள் பகுதிக் குடும்ப நல மாதுவிடம் சொன்னால் வழி காட்டுவார். பெண் டொக்டர் கிடைக்காத அவசரத்தில் ஆண் டொக்டரிடம் காட்டுவதற்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது. கூட உம்மாவையோ கணவரையோ அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைப்பேற்றுக்குப் போகுமுன் வீட்டில் அவசரமாக வழித்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு சொல். சாதாரணப் பிரசவத்துக்கு முன் வழமையாக வழிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்பும் பிளேட்டால் வழிக்க வேண்டாம், அவசியமானால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும் என்று 2016இல் சொல்லியிருக்கிறது. கீறலில் கிருமி புகும் என்பதே காரணம். நிறைவயிற்றோடு, குனிந்து பார்க்க முடியாத இடத்தில் பிளேட் பிடித்து வெட்டிக்கொண்டு வராதீர்கள். ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே கத்தரித்துக்கொண்டால் போதும்.

உள்ளுறை வைத்து எழுதிய தங்கச்சி, உங்கள் மதினி இந்த இதழை வாசிப்பவர் என்றும் எழுதியிருந்தீர்கள். வாசித்த பின் இந்தப் பக்கத்தை மடித்து, அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். களிம்புக் குழாயின் பெயர் என்னவென்று எனக்கும் எழுதுங்கள். இம்முறை ஒரே உறை போதும்.