ஒன்றும் வளராத தட்டு



எங்கள் பள்ளியில் பயின்று, இப்போது படிவம் நான்கில் இருக்கும் மாணவர் சிலரைச் சென்ற விடுமுறையில் ஓர் அறிவியல் முகாமுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்னும் வளைய வடிவ டி.என்.ஏ.வைப் புகுத்தும் சோதனை அது. கால்சியம் குளோரைடு கரைசலில் பாக்டீரியாவையும் பிளாஸ்மிட்டையும் கலந்து பனிக்கட்டியில் வைத்தனர். பின் 42 பாகை செல்சியசு வெந்நீரில் 50 நொடி அமிழ்த்தி, உடனே மீண்டும் பனிக்கட்டிக்கு மாற்றினர். மறுநாள் புறஊதா விளக்கின்கீழ் தட்டு பச்சையாய் ஒளிர்ந்தது. ஒரே கைதட்டல்!

திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு மாணவன் கேட்டான்: “ஐயா, பச்சைச் சாயம் ஊற்றியிருந்தாலும் இப்படித்தானே தெரியும்?”

அவனுக்கு விடை சொல்லியிருக்க வேண்டியவை மற்ற மூன்று தட்டுகள். நேரமும் செலவும் மிச்சம் என்று ஏற்பாட்டாளர்கள் அவற்றை விட்டுவிட்டனர். அந்தப் பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலின் மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றும், சொறிமீனிலிருந்து பெற்ற ஒளிரும் புரதத்தின் மரபணு ஒன்றும் உள்ளன. பிளாஸ்மிட் பெறாத பாக்டீரியாவை ஆம்பிசிலின் தட்டில் இட்டால் ஒன்றும் வளரக்கூடாது. அதைக் காணாமல், வளர்ந்தவை பிளாஸ்மிட் பெற்றவைதாம் என்று எப்படி நம்புவது? மருந்தே கலக்க மறந்திருக்கலாமே! மருந்தில்லாத தட்டு, வெந்நீருக்குப் பின்னும் பாக்டீரியா உயிரோடிருந்ததைக் காட்டும். எனக்கு மிகப் பிடித்தது நான்காவது தட்டு. பிளாஸ்மிட் உண்டு, மருந்தும் உண்டு. அரபினோசு என்னும் சர்க்கரை மட்டும் இல்லை. பாக்டீரியா நன்றாக வளரும், ஆனால் ஒளிராது. மரபணு உள்ளே இருந்தும் இயங்காமல் கிடப்பதை ஒரு பிள்ளை கண்ணால் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

“கிருமியை மாற்றி விளையாடலாமா?” என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். வகுப்பறையில் பயன்படுத்துவது நோய் உண்டாக்காத ஆய்வக வகை. எனினும் பெனிசிலின் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை விலக்கிவைக்க வேண்டும். தட்டுகளைக் குளோரின் கரைசலில் ஊறவைத்துக் கிருமியை அழிப்பதையும் மாணவர்கள் பார்க்க வேண்டும். இங்கே அவர்கள் வீடு திரும்பிய பிறகே அது நடந்தது. நம் வீடுகளில் இனிப்பு நீருக்குப் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் இந்த வழியில் வந்ததே என்று அந்தத் தாயாரிடம் சொன்னேன். 1978-இல் ஈ.கோலையில் மனித இன்சுலின் உருவாக்கப்பட்டது. 1982-இல் அமெரிக்கா அதனை மருந்தாக ஏற்றது. அவர் கணவருக்கும் இன்சுலின்தானாம்.

அடுத்த முகாமுக்கு மூன்று தட்டுகளின் செலவை ஏற்பதாகப் பெற்றோர் இருவர் முன்வந்துள்ளனர். சாயம் பற்றிக் கேட்டவனின் பெயரைத்தான் பட்டியலில் முதலில் எழுதியிருக்கிறேன்.