நோட்டில் ஏறாத மொய்



அரையாண்டுத் தேர்வு முடிந்து, பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் வீசியிருக்கும் நேரத்தில் இந்த இதழ் உங்கள் வீட்டுக்கு வருகிறது. லீவு நாளிலும் பள்ளிக்கூடப் பேச்சா என்று அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வந்தது பாடமல்ல, ஒரு மொய்க் கணக்கு.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துகள் களைகட்டும். கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் நேரே மொய் எழுதும் மேசைக்குப் போவார்கள். வாங்கியவர், பிறகு கொடுத்தவர் வைக்கும் விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். அந்தப் பணத்தில் கடை வைத்தவர்கள் உண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. மேசையில் உட்காரும் வேலை பெரும்பாலும் கையெழுத்து நன்றாக இருக்கும் வாத்தியாருக்கோ, மேல்வகுப்புப் பிள்ளைக்கோ வாய்க்கும். பெயர், ஊர், தொகை என்று வரிசையாக எழுதுவார்கள். எங்கே எது விட்டுப்போனாலும் பெயர் விட்டுப்போகக் கூடாது.

எந்த நோட்டிலும் ஏறாத மொய் ஒன்றும் உண்டு.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் சென்னை மூழ்கியது. பள்ளிகள் வாரக்கணக்கில் திறக்கவில்லை. அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அப்போது கொச்சியில் சிலர் ‘அன்போடு கொச்சி’ என்ற பெயரில் கூடி, சென்னைக்குப் பொருள் திரட்டி அனுப்பினார்கள். அவர்கள் யார் என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது.

மூன்றாண்டு கழியுமுன், 2018 ஆகஸ்டில், வெள்ளம் கேரளத்துக்குப் போனது. அதே ‘அன்போடு கொச்சி’ இம்முறை சொந்த ஊருக்காகக் கூடியது. ஓண விடுமுறையை முன்னதாகவே விட்டார்கள். அத்தப்பூக்கோலம் போட வேண்டிய பள்ளி முற்றங்களில் நனைந்த பாய்கள் காய்ந்தன. 3,000க்கும் அதிகமான முகாம்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் தங்கினார்கள். அவற்றில் ஏராளமானவை பள்ளிக்கூடங்கள். பண்டிகைக்கு வீட்டில் இருக்க வேண்டிய ஆசிரியர்கள் அரிசி மூட்டையை எண்ணினார்கள். பிள்ளைகள் துணி பிரித்தார்கள், பொட்டலம் கட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் போயின. சைக்கிள் வாங்க நாலு வருஷமாகச் சேர்த்த உண்டியல் காசை அப்படியே கொடுத்துவிட்டாள் விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி.

ஆலுவா அருகே ஒரு வீட்டிலிருந்து இரண்டு பெண்களைக் கடற்படை ஹெலிகாப்டர் மீட்டது. மூன்றாம் நாள் அந்த வீட்டு மொட்டை மாடியில், வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு, வெள்ளைப் பெயின்டில் ‘தேங்க்ஸ்’ என்று எழுதியிருந்தது. கைமாறாகச் செய்ய அவர்களிடம் வேறு என்ன இருந்திருக்கும்?

மூன்று மாதம் போனது. நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மொய் விருந்து நடக்கும் அதே மண்ணில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்தன. கம்பம் நட வந்தவர்களில் கேரள மின்வாரியத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

அப்போது அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். விழுந்து கிடந்த மரத்திலும் குலை தொங்கியது. பள்ளி திறக்காததால் சும்மா இருந்த பையன்கள் அந்த இளநீரை வெட்டி, கம்பத்தடியில் நின்றவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காசு கொடுக்க வந்தவரிடம் ஒரு பையன் சொன்னான்: “வேணாம்ணே. மரமே போயிடுச்சு, இதுக்கு என்ன காசு?” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மலையாளம் கலந்த தமிழில், “ஆகஸ்ட்ல நீங்க அனுப்பின அரிசியை நாங்க சாப்பிட்டோம் மோனே” என்றார்.

அந்த அரிசியை அனுப்பியவன் இந்தப் பையன் அல்ல. சென்னைக்குப் போர்வை அனுப்பியவர் இந்த மின் ஊழியரும் அல்ல. மொய் என்றால் கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும். பேரிடரில் அப்படி வருவதில்லை. ஒருவர் செய்ததை வேறொருவர் வாங்கி, அது இன்னொருவர் வாசலில் போய் இறங்குகிறது. ஆனாலும் கணக்கு நின்றுவிடுவதில்லை.

இந்த விடுமுறையில் உங்கள் பள்ளி எங்காவது உதவப் புறப்பட்டால் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, அங்குள்ள தலைமை ஆசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு வெள்ளத்திலும் கிழிந்த பழந்துணி மலையாகக் குவிகிறது. அதைப் பிரிக்கவே ஆள் போதாது. புது உள்ளாடை, நாப்கின், குழந்தைக்குப் பால் பவுடர் போன்றவைதான் கிடைக்காமல் போகும்.

இரண்டாவது, பிள்ளைகள் செய்யக்கூடியது. பாடப்புத்தகத்தை அரசு மறுபடி கொடுத்துவிடும். ஆறு மாதம் வகுப்பில் உட்கார்ந்து எழுதிய நோட்டை யார் கொடுப்பது? கேரள வெள்ளத்தின்போது மற்ற ஊர்ப் பிள்ளைகள் பாடக் குறிப்புகளைக் கையால் எழுதி அனுப்பினார்கள். நம் பிள்ளைகளும் எழுதலாம். ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும். விளையாட நேரம் மிச்சமிருக்கும்.

எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் அட்டையில் உங்கள் பெயரை எழுதிவிடாதீர்கள், கண்ணுகளே. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். நோட்டு போய்ச் சேரும் பிள்ளை அங்கே தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்